நீர்நிலைகளைக் காப்பதில் நமது பங்கு

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

இவ்விழாவில் எதைப்பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று விழாக் குழுவினர் என்னைக் கேட்டார்கள். "நீரைப்பற்றி" என்றேன். அவர்களுள் ஓர் இளைஞர் சற்றே வியப்புடன், "ஐயா, இது கல்விக் கழகத்தின் விழா ஆயிற்றே! கல்வியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் பேசினால் நம் பிள்ளைகளுக்குப் பயன்படுமே" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. ஆயினும், நீரைப்பற்றிப் பேசுவதும் கல்வியைப்பற்றிப் பேசுவதே ஆகும் என்பதை இந்த ஒரு மணி நேரத்திற்குள் உங்கள் முன் நிலைநாட்ட முயல்கிறேன். முயற்சியில் குறை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நீரில் தொடங்கிய போராட்டம்

நம் மக்களின் உரிமைப் போராட்ட வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். அது எங்கே தொடங்குகிறது? 1927 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆம் நாள், மகாராட்டிரத்தில் மகாத் என்னும் ஊரில் சவுதார் குளத்தில் இறங்கி, அண்ணல் அம்பேத்கர் அந்நீரைக் கையால் அள்ளிப் பருகினார். அவரைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் பருகினர். அந்தக் குளத்தை அனைவருக்கும் திறந்துவிடுவதாக அவ்வூர் நகராட்சி 1924 ஆம் ஆண்டிலேயே தீர்மானம் நிறைவேற்றியிருந்தது என்பதைப் பலர் அறிவதில்லை. தீர்மானம் ஏட்டில் இருந்தது. குளத்து நீரோ கைக்கு எட்டவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான். குளத்தில் இறங்கியதோடு அண்ணல் நின்றுவிடவில்லை. வழக்கு நடந்தது. 1937 ஆம் ஆண்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளிக்கும் வரை பத்து ஆண்டுகள் அவர் அதை விடவில்லை.

அதே அண்ணல், 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, இந்நாட்டின் நீர்வளத் திட்டங்களுக்கு வழிவகுத்தார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டமும், 1945 ஆம் ஆண்டில் அமைந்த மத்திய நீர்வழி, பாசன ஆணையமும் அவர் பொறுப்பில் உருப்பெற்றவை. குளத்து நீரைத் தொடக்கூடாது என்று தடுக்கப்பட்ட ஓர் இனத்தில் பிறந்தவர், ஒரு நாட்டின் ஆறுகளை எவ்வாறு ஆள்வது என்று திட்டம் வகுத்தார். இடையே நின்று அவரை அவ்விடத்திற்கு உயர்த்தியது எது? கல்வி! நீருக்கும் கல்விக்கும் உள்ள உறவு இதனினும் தெளிவாக விளங்க வேண்டுமா?

நமது சிதம்பரத்திலும் இவ்வுணர்வு புதிதன்று. 1916 ஆம் ஆண்டில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் இந்நகரில் பள்ளி தொடங்கினார். கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டவரின் பெயரால் பள்ளியின் வாயில் திறக்கப்பட்டது. அந்த மரபில் வந்ததே நமது கழகமும்.

கடைமடையில் வாழும் மக்கள்

நம் மாவட்டம் நீரால் ஆன மாவட்டம். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, உப்பனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என ஆறுகள் பல இங்கே கடலைச் சேர்கின்றன. ஆறுகள் கூடும் இடம் ஆதலின் கூடலூர் என்றாகி, அதுவே கடலூர் ஆயிற்று என்பர். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் தந்த தில்லை மரம் இன்றும் பிச்சாவரத்து உப்பங்கழிகளில் வளர்கிறது. சோழர் காலத்தில் வெட்டப்பட்ட வீராணம் ஏரி காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து வயல்களுக்குப் பாய்வதோடு, 2004 ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகரின் தாகத்தையும் தணித்து வருகிறது.

இத்துணை நீர்வளத்திற்கு நடுவே நாம் எங்கே இருக்கிறோம்? ஆற்றின் கடைசி ஊர் நம் ஊர். ஊரின் கடைசித் தெரு நம் தெரு. மேலே ஆற்றில் எது கலந்தாலும் அது கீழே வந்து சேருமிடம் நம் துறை. நிலத்தடி நீர் உப்பாகும்போது முதலில் உப்பாவது நம் கைப்பம்பு. மேட்டுத் தெருவுக்குக் குழாய்நீர் வந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் பள்ளத் தெருவார் குடத்துடன் காத்திருந்த ஊர்களை நீங்கள் அறிவீர்கள். ஆகவே நீர் கெடுவதை முதலில் அறிகிறவர்கள் நாம். ஆனால், அறிந்ததை உலகம் ஏற்கும் வகையில் எடுத்துரைக்க நாம் கற்றிருக்கிறோமா? இதுவே என் கேள்வி.

இதை ஒரு சொந்த நிகழ்ச்சியால் விளக்குகிறேன். நான் ஒரு கழிமுகத்தை அடுத்த சேரியில் பிறந்தவன். என் தாயார் ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று மட்டி அரித்து, அதை விற்று என்னைப் படிக்க வைத்தார். நான் அறிவியல் பட்டம் பெற்று ஆசிரியர் ஆனேன். ஆண்டுகள் சில சென்றபின், ஆற்றில் மீன் செத்து மிதப்பதும், நீரில் நின்றவர்களின் காலில் புண் காண்பதும் அடிக்கடி நிகழலாயின. ஊரார் என்னிடம் வந்தனர். நான் என் தமிழ்ப் புலமை அனைத்தையும் காட்டி ஐந்து பக்கத்தில் ஒரு மனு எழுதினேன். அலுவலகம் ஒன்றிலிருந்து மூன்று வரியில் விடை வந்தது: நிகழ்ச்சி எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் நடந்தது? நீர் மாதிரி எடுக்கப்பட்டதா?

என்னிடம் விடையில்லை. வகுப்பறையில் லிட்மஸ் தாளை அமிலத்தில் நனைத்து, நீலம் சிவப்பாவதைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் காட்டியவன் நான். அந்தத் தாளில் ஒன்றைக்கூட எடுத்துச் சென்று, என் தாயார் நின்ற ஆற்று நீரில் ஒரு நாளும் நனைத்துப் பார்த்தவன் அல்லேன். அந்த மூன்று வரிகளின் மேல் அன்று எனக்குக் கோபம் வந்தது. பின்னர் எண்ணிப் பார்க்கையில் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. கற்ற கல்வியைப் பள்ளிச் சுவருக்குள்ளேயே விட்டுவிட்டு வீடு திரும்பிய குற்றம் என்னுடையது. அதை உங்கள் முன் ஒப்புக்கொள்ளவே இன்று இம்மேடைக்கு வந்தேன் என்றும் சொல்லலாம்.

பிச்சாவரம் தரும் பாடம்

அளந்து அறிவதால் என்ன பயன் என்பதற்கு மிக அருகிலேயே ஒரு சான்று உண்டு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு பரந்து கிடக்கிறது. நம்மவர் சுரபுன்னைக் காடு என்றே சொல்வர். இக்காட்டின் அருமையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் ஓதத்தோடு கழிக்குள் வந்து, வேர்களுக்கிடையே பதுங்கி, உதிர்ந்த இலை மட்கியதனால் பெருகும் நுண்ணுயிர்களை உண்டு வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. எனவே இக்காடு அழிந்தால் கரையில் இருப்பவர் மட்டுமன்றி ஆழ்கடலில் வலை வீசுபவரும் வறுமையுறுவர்.

இக்காட்டின் உட்பகுதிகள் இருபதாம் நூற்றாண்டில் பெரும்பரப்பில் பட்டுப்போயின. காரணம் என்ன? சுற்றிலும் வாழும் ஏழைகள் விறகு வெட்டியதும், அவர்தம் மாடுகள் மேய்ந்ததுமே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. பழி யார் மேல் விழுந்தது என்பதைக் கவனியுங்கள்.

1993 ஆம் ஆண்டு முதல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே மண்ணையும் நீரையும் நில மட்டத்தையும் அளந்து ஆராய்ந்தனர். அப்போது உண்மை வெளிப்பட்டது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரையில், காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து அடியோடு வெட்டி விற்கும் வழக்கம் நடைமுறையில் இருந்தது. மரம் போன இடத்தில் வெயில் நேராக விழுந்தது. சேறு காய்ந்து இறுகி நடுப்பகுதி தாழ்ந்தது; நிலம் தொட்டி போல் ஆயிற்று. ஓதத்தில் ஏறிய நீர் வற்றத்தில் வடிய வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுச் சென்றது. உப்பு மிகுந்த அந்த மண்ணில் அலையாத்தியின் விதைகூட முளைக்க இயலவில்லை. ஆக, காடு அழிந்ததற்கு மூலகாரணம் ஏழையின் அரிவாளன்று. காட்டை ஆள வகுத்த திட்டமே.

நோயின் காரணம் தெரிந்ததும் மருந்தும் எளிதாயிற்று. இயற்கையான ஓடைகளிலிருந்து வாய்க்கால்களும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, ஓதநீர் நாள்தோறும் வந்து போக வழி செய்தனர். உப்பு குறைந்தது. வெண்கண்டல் நாற்றுகள் நடப்பட்டன. காடு மீண்டும் தழைத்தது. இப்பணியை வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் கிராம மக்களும் கூடிச் செய்தனர்.

அன்பர்களே, இங்கே இருவகைக் காப்பு நிகழ்ந்தது. காடும் காக்கப்பட்டது, குற்றமற்ற ஏழையின் பெயரும் காக்கப்பட்டது. இரண்டையும் செய்தது அளவுகோல். அளக்காதவரை குற்றம் எளியவன் தலையில்தான் விழும். ஏனெனில், அவனே எதிர்த்துப் பேச இயலாதவன்.

அக்காட்டையே நம்பி, வலையுமின்றிக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்து வாழும் இருளர் குடும்பங்களையும் இங்கே நினைவுகூர்தல் நம் கடமை. ஓதத்தின் ஏற்ற இறக்கத்தையும் இறால் ஒதுங்கும் வேரையும் அவர்கள்போல் அறிந்தவர் இல்லை. எனினும் சாதிச் சான்றிதழும் மனைப்பட்டாவும் பெறவே அவர்கள் நெடுங்காலம் அலைய வேண்டியிருந்தது. 2022 ஆம் ஆண்டில் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1971 ஆம் ஆண்டில் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் உருவான அவ்வுடன்படிக்கையின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று, ஈரநிலத்தை அறிவோடு பயன்படுத்துதல் என்பது. மக்களை வெளியேற்றிவிட்டு மரங்களை மட்டும் காப்பது அதன் பொருளன்று. இதை எடுத்துச் சொல்ல அக்குடும்பங்களின் பிள்ளைகள் கற்றாக வேண்டும்.

உப்பனாற்றங்கரைச் சான்று

இனி, வடக்கே கடலூருக்கு வருவோம். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையே 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. வேதிப்பொருள் தொழிற்சாலைகள் பல வந்தன. குடிகாடு, ஈச்சங்காடு முதலிய ஊர் மக்கள் காற்றின் நாற்றத்தையும் நீரின் கேட்டையும் பற்றி ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். "இன்று நாற்றம் தாங்கவில்லை" என்று சொன்னால், அதிகாரிகள் வந்து சேர்வதற்குள் காற்றுத் திசை மாறிவிடும். சான்று எங்கே?

2004 ஆம் ஆண்டில் அம்மக்களுள் சிலர் ஒன்று கூடி, சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்னும் குழுவாயினர். அவர்கள் கையாண்ட கருவி ஒரு வாளி. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் எண்ணெய் ஆலைகளை அடுத்து வாழ்ந்த மக்கள் 1990களில் பயன்படுத்திய முறை அது. மூடிய வாளிக்குள் தூய பையை வைத்து, நாற்றம் வீசும் அந்த நேரத்திலேயே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவர். எந்த நாற்றம் எந்த நாளில் எந்த மணிக்கு எத்திசையிலிருந்து வந்தது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தனர். ஆய்வில், புற்றுநோய் விளைவிக்கும் தன்மையுடைய வேதிப்பொருள்களும் காற்றில் இருப்பது தெரியவந்தது. பட்டதாரிகள் அல்லாத கிராமத்து ஆடவரும் பெண்டிரும் செய்த பணி இது. அந்த மூன்று வரிக் கேள்விக்கு நான் அளிக்க முடியாத விடையை அவர்கள் அளித்தனர்.

2009 ஆம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டு, மிகக் கடுமையாக மாசடைந்தவை என 43 பகுதிகளைக் குறித்தது. அவற்றுள் கடலூரும் ஒன்று. 2010 சனவரியில் அப்பகுதிகளில் புதிய தொழில் திட்டங்களுக்குத் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது. செயல்திட்டங்கள் வகுக்கப்பட்ட பின்னர் அது விலக்கப்பட்டது. மக்கள் மூக்கால் அறிந்ததை அரசு எண்ணால் ஏற்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

தாமதம் எத்துணைக் கொடியது என்பதற்கு ஜப்பான் நாட்டின் மினமாட்டா ஒரு சாட்சி. அங்கே கடற்கரை ஆலை ஒன்று பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டது. பாதரசம் நுண்ணுயிரிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும், அங்கிருந்து மீனவர் உடலுக்கும் படிப்படியாகச் செறிந்து சென்றது. முதலில் பூனைகள் தள்ளாடிச் செத்தன. 1956 ஆம் ஆண்டில் நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. ஆலைக் கழிவே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968 ஆம் ஆண்டில். இடைப்பட்ட 12 ஆண்டுகளும் ஏழை மீனவர்கள் அந்த மீனையே உண்டனர். தொற்றுநோயாளர் என அண்டை அயலாரால் ஒதுக்கவும் பட்டனர். நஞ்சூட்டப்பட்டவர்களே தீண்டத்தகாதவர் ஆயினர். அந்த வேதனை நமக்குப் புரியாததன்று.

"அப்படியானால் தொழிற்சாலையே வேண்டா என்கிறீரா? நம் பிள்ளைகள் வேலைக்கு எங்கே போவார்கள்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வியே. தொழில் வேண்டும், வேலை வேண்டும். 1974 ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஆலையை மூடு என்று சொல்வதன்று. கழிவைத் தூய்மை செய்து விடு என்று சொல்வது. அதோடு, நம் ஊராருள் எத்தனை பேர் நிரந்தரப் பணியில் இருக்கிறார்கள், எத்தனை பேர் ஒப்பந்தக் கூலிகள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஆற்றில் மட்டியும் மீனும் எடுத்துப் பிழைத்தவர்கள் இழந்த வேலையையும் அக்கணக்கில் சேருங்கள். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கு கணக்கன்று.

இறால் பண்ணை வழக்கு

அளந்தால் மட்டும் போதுமா? போதாது. அளவு சட்டமாக வேண்டும். இதற்குக் கொள்ளிடத்துக்குத் தெற்கே நாகை மாவட்டத்தில் எழுந்த போராட்டம் வழிகாட்டுகிறது.

1990களில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. நெல் விளைந்த நிலத்தில் உப்புநீர் தேக்கப்பட்டது. அருகிலிருந்த வயல்களும் குடிநீர்க் கிணறுகளும் உப்பாயின. நூறு பேர் நடவும் அறுவடையும் செய்த நிலத்தைக் காக்கச் சில காவலாளர் போதும் என்றாயிற்று. வேலை இழந்தோர் பெரும்பாலும் நிலமற்ற ஆதிதிராவிட மக்கள். அவர்கள் பக்கம் நின்று போராடியவர்கள் சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் அவர்களும், அவர்தம் துணைவியார் கிருஷ்ணம்மாள் அவர்களும் ஆவர். கிருஷ்ணம்மாள் அம்மையார் நம் இனத்தில், நிலமற்ற எளிய குடும்பத்தில் பிறந்து கல்வியால் உயர்ந்தவர் என்பதை மாணவியர் மனத்தில் கொள்ள வேண்டும்.

வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. நீதிமன்றம் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தாரை அனுப்பிக் கள ஆய்வு செய்யச் சொன்னது. பண்ணைகளால் வரும் வருவாயைவிட, அவற்றால் நிலத்துக்கும் நீருக்கும் மக்களுக்கும் நேரும் இழப்பே மிகுதி என்று அவ்வாய்வு காட்டியது. 1996 டிசம்பர் 11 ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் நவீன இறால் பண்ணைகள் கூடா. மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும். மூடப்படும் பண்ணைகளின் தொழிலாளர்க்கு ஆறு ஆண்டு ஊதியத்தைக் கூடுதல் இழப்பீடாகத் தர வேண்டும் என்றெல்லாம் நீதிமன்றம் ஆணையிட்டது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. மறு ஆய்வு மனுக்கள் வந்தன. 2005 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிர் வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, பண்ணைகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் முறையைக் கொணர்ந்தது. தீர்ப்பு விதித்த தடை தளர்ந்தது. 2023 ஆம் ஆண்டில் அச்சட்டமும் திருத்தப்பட்டது. மகாத்தின் பாடம் மீண்டும் நினைவுக்கு வருகிறது. வென்ற உரிமையும் காவலின்றி நில்லாது. சட்டம் எழுதப்படும் இடத்தில் நம்மவர் இல்லையெனில், நமக்கு ஆதரவான வரி அடுத்த பதிப்பில் காணாமற்போகும்.

அறிவியலின் நேர்மை

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல விரும்புகிறேன். அறிவியல் நமக்கு வேண்டியதை மட்டும் சொல்லும் வக்கீல் அன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நம் மாவட்டத்தில் 600 பேருக்கு மேற்பட்டோர் உயிரைக் கொள்ளை கொண்டது. அதன்பின், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 18 கடற்கரைக் குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்திக் காட்டின் மறைவில் இருந்த ஊர்களில் இழப்புக் குறைவு என 2005 ஆம் ஆண்டில் எழுதினர். மறு ஆண்டே வேறு சிலர் அதே புள்ளிவிவரங்களை எடுத்து, காட்டைவிடக் கடலிலிருந்து ஊர் இருந்த தொலைவும் நில உயரமுமே முதன்மைக் காரணங்கள் என்று வாதிட்டனர்.

இதனால் காடு பயனற்றதென்று ஆகிவிடாது. மீனுக்கும் மண்ணுக்கும் அது செய்யும் நன்மையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் காட்டை மட்டும் நம்பித் தாழ்ந்த இடத்திலேயே குடியிருக்கலாம் என்று நாம் எண்ணினால், அது உயிருக்கே கேடாய் முடியும். மேட்டு நிலத்தில் மனை கேட்பதும், எச்சரிக்கைச் செய்தி நம் தெருவுக்கும் வந்து சேரச் செய்வதும் காட்டைக் காப்பதற்கு இணையான கடமைகள். அந்தப் பேரழிவின்போது, துயர் துடைப்புப் பணியிலும் சாதி புகுந்தது. படகு இழந்தவர் பெயர் பட்டியலில் ஏறியது; படகே இல்லாமல் கூலிக்குச் சென்றவரின் இழப்பு பல இடங்களில் எண்ணப்படவே இல்லை. எண்ணப்படாதது இழப்பாகவே கருதப்படாது. ஆகவேதான் எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன்.

நாம் செய்ய வேண்டுவன

கழகத்தின் அடுத்த 25 ஆண்டுகளுக்கு மூன்று பணிகளை விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

முதலாவது, ஊர்தோறும் ஒரு நீர்க் குறிப்பேடு. நம் மாணவர்கள் மாதம் ஒருமுறை தங்கள் ஊர்க் கைப்பம்பு, குளம், ஆற்றுத்துறை ஆகியவற்றின் நீரைச் சோதித்து எழுதட்டும். நாள், மணி, இடம், ஏற்றமா வற்றமா, நிறம், மணம், கார அமில நிலை, கரைந்துள்ள உப்பின் அளவு இவ்வளவே போதும். குடிநீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மிகாதிருத்தல் நலம். வேறு நீரே இல்லாவிடத்தும் 2000ஐக் கடத்தல் ஆகாது என்பது இந்தியத் தர அளவு. அதை அளக்கும் சிறு கருவி ஒரு சோடி செருப்பின் விலைக்குக் கிடைக்கிறது. பத்தாண்டுக் குறிப்பேடு ஒன்று நம் கையில் இருந்தால், எந்த அலுவலகத்தின் மூன்று வரிக் கேள்விக்கும் நாம் அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டாவது, உயர்கல்வி உதவி. மருத்துவமும் பொறியியலும் கற்க நாம் உதவுகிறோம்; மகிழ்ச்சி. அத்துடன் ஆண்டுக்கு இருவரேனும் கடல் உயிரியலோ, சுற்றுச்சூழல் வேதியியலோ, சட்டமோ கற்க உதவ வேண்டும். கடல் உயிரியல் கற்பிக்கும் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில், நம் வாசலிலேயே இருக்கிறது. வெளிநாட்டார் தேடி வந்து ஆராயும் கழிமுகத்தில் பிறந்த பிள்ளைக்கு அதன் கதவு தெரியாமல் இருக்கலாமா?

மூன்றாவது, மன்றங்களில் இடம். தமிழ்நாட்டில் மார்ச் 22 ஆகிய உலக நீர் நாளிலும் கிராம சபை கூடுகிறது. அன்று நம் தாய்மார்கள் குறிப்பேட்டுடன் சென்று அமர வேண்டும். பெருந்தொழில் வருமுன் நடைபெறும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில், திட்டச் சுருக்கத்தை வட்டார மொழியிலும் தர வேண்டும் என்பது 2006 ஆம் ஆண்டு அறிவிக்கையின் விதி. அந்தத் தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கி ஊர்ப் பொதுவிடத்தில் படித்துக் காட்டுவது நம் ஆசிரியர்களின் கடமையாகட்டும். 2005 ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமும், 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வும் நமக்கும் உரியவையே.

கழிவுநீரைப் பற்றியும் ஒரு சொல். நகரத்துச் சாக்கடை தூய்மை செய்யப்படாமல் ஆற்றில் விழுகிறது; அச்சாக்கடை அடைத்துக்கொண்டால் குழிக்குள் இறக்கப்படுபவர் நம் உடன்பிறப்பு. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. எனினும் சாவுகள் நிற்கவில்லை. இயந்திரமும் சுத்திகரிப்பு நிலையமும் கேட்டு நாம் குரல் எழுப்பும்போது, ஆற்றையும் காக்கிறோம், அண்ணன் தம்பியையும் காக்கிறோம்.

பெரியோர்களே, "நன்றாகப் படி, இந்தச் சேற்றைவிட்டுப் போய்விடு" என்று என் தாயார் என்னிடம் சொல்வார். அவர் பட்ட பாட்டுக்கு அச்சொல் நியாயமே. நானும் படித்தேன், சேற்றைவிட்டுப் போனேன். ஆனால் அவர் அந்த நீரிலேயே நின்றுகொண்டிருந்தார். இன்று கழகத்துப் பிள்ளைகளை நோக்கி நான் சொல்ல விரும்புவது சற்று வேறு. நன்றாகப் படியுங்கள். எங்கே வேண்டுமாயினும் செல்லுங்கள். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கையில் அளவுகோலோடு உங்கள் ஊர்த் துறைக்குத் திரும்பி வாருங்கள். அன்று அண்ணல் நீரைத் தொடும் உரிமையை நமக்குப் பெற்றுத் தந்தார். தொடத்தகும் நீராக அதைக் காத்துத் தருவது நம் தலைமுறையின் கடன்.